தொடாதே, அழுத்து, அழுத்தாதே தொடு

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் போவதென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். வாசலில் செருப்பு வைக்க ஒரு மர ஸ்டாண்டு, உள்ளே ஏ.சி., மானிட்டருக்கு ஒரு துணியுறை, கீபோர்டுக்கு இன்னொன்று. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதானாலும் மானிட்டரின் பிளாஸ்டிக் சட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். கண்ணாடியில் பொட்டு வைத்தவன் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். கணக்கில் ஒரு தப்பைக் காட்டுவதற்காக யாராவது திரைப் பக்கம் விரலைக் கொண்டுபோனால், "எட்டி நின்னு காட்டுப்பா, ரேகை படும்" என்று அதட்டல் வரும். அதையும் மீறித் தொட்டால் திரையே தண்டனை கொடுத்துவிடும். பழைய குழாய் மானிட்டரின் கண்ணாடியில் சேர்ந்து கிடக்கும் நிலைமின்சாரம் கைமயிரை எல்லாம் எழுப்பிவிட்டு, சுரீரென்று ஒரு கடி கடிக்கும்.

அந்த மேனேஜர் ஓய்வு பெற்று நாளாகிறது. இப்போது காலைக் காபி ஆறுவதற்குள் அவர் விரல் திரையில் எத்தனை மைல் நடக்கிறது என்று அவருக்கே தெரியாது. "ரேகை படுமே சார்" என்று ஒரு நாள் கேட்டேன். "படட்டும்பா, வேட்டி எதுக்கு இருக்கு?" என்றார்.

தொடாதே என்று வளர்க்கப்பட்ட ஒரு ஊரில் தொடுதிரையைக் கொண்டுபோய் நிறுத்துவது எங்கள் கம்பெனியின் வேலையாக ஆனது. ஜனங்கள் இயந்திரத்தின் முன்னால் வந்து நிற்பார்கள், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள், பொருட்காட்சியில் பொம்மை பார்த்த திருப்தியோடு போய்விடுவார்கள். சரி, புரியவில்லை போலிருக்கிறது என்று, திரைக்கு மேலே 'இங்கே தொடவும்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம். மறுநாளிலிருந்து எல்லோரும் அந்த ஸ்டிக்கரைத் தொட்டார்கள். பாதிப் பேர் தொட்டுவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "மிஷின் ரிப்பேரா?" என்று விசாரித்தார்கள்.

என் பொறுப்பில் முதலில் வந்தது அகச்சிவப்பு ரகம். ஒரு பெரிய ரயில் நிலையத்தின் விசாரணைக் கூடத்தில் நின்றது. அதன் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி. சூட்சுமம் எல்லாம் சட்டத்தில். இரண்டு பக்கங்களில் வரிசையாகப் பொடிப் பொடி எல்.ஈ.டி. விளக்குகள், எதிர்ப்பக்கங்களில் அதே எண்ணிக்கையில் ஒளியுணரிகள். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். விரல் எந்த இரண்டு கோடுகளை மறிக்கிறதோ, அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் தொட்ட இடம். உண்மையில் தொடக்கூட வேண்டாம். கண்ணாடிக்கு அரை விரற்கடை முன்னாலேயே காரியம் முடிந்துவிடும். 1972-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ-4 என்ற கல்விக் கணினிக்கு இதைத்தான் பூட்டினார்கள். 16-க்கு 16 என்று 256 கட்டங்கள். மாணவர்கள் சரியான விடையை விரலால் காட்டினால் போதும். 1983-இல் ஹியூலெட் பேக்கர்டு தன் ஹெச்பி-150 கணினியின் திரையைச் சுற்றித் துளைகள் போட்டு இதே வித்தையைக் கடைக்குக் கொண்டுவந்தது. ஒன்பது அங்குலத் திரை, சுற்றிலும் ஓட்டை, ஓட்டைக்குள் தூசி. தவிர, மேஜைமேல் நிமிர்ந்து நிற்கும் திரையை நாள் முழுக்கக் கையைத் தூக்கித் தூக்கித் தொட்டால் தோள்பட்டை விட்டுப்போகும். அந்த வலிக்குக் 'கொரில்லா கை' என்று பொறியாளர்களே பெயர் வைத்தார்கள்.

நமது ரயில் நிலைய மிஷினைப் பற்றி ஒரு புகார் வந்தது. "நடுராத்திரிக்கு மேல தானா வேலை செய்யுது சார். ஆளே இல்ல, ஆனா பக்கம் மாறுது. நைட் டூட்டிக்கு வர பயப்படறாங்க." ராத்திரி போய் உட்கார்ந்தேன். கூடத்தில் பாதி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். வெளிச்சம் இருந்த இடம் மிஷின் திரைதான். பூச்சிகள் அங்கே வந்தன. பூச்சிகளுக்காக ஒரு பல்லி வந்தது. கண்ணாடிமேல் நின்று யோசித்து, வட இந்தியா செல்லும் ரயில்களைத் தேர்ந்தெடுத்தது. அப்புறம் நாலடி நகர்ந்து மொழியை இந்திக்கு மாற்றியது. பல்லி தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே இருக்கிறது. விசாரணை மிஷினில் ஏறினால் என்ன பலன் என்று அச்சடிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த ரகம் செத்துப்போய்விட்டதென்று நினைக்கவேண்டாம். பள்ளிக்கூடங்களில் கரும்பலகை இருந்த இடத்தில் மாட்டியிருக்கும் பெரிய திரைகளில் பல இதே அகச்சிவப்புச் சட்டம்தான். அத்தனை பெரிய அளவுக்கு மலிவாகச் செய்ய இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. டீச்சர் திரும்பி நின்று பிள்ளைகளை அதட்டும்போது முந்தானை பலகையில் உரசினால், பின்னால் நீளமாக ஒரு கோடு விழும். ஒளிக்கோட்டுக்கு விரலும் ஒன்றுதான், முந்தானையும் ஒன்றுதான், பல்லியும் ஒன்றுதான்.

என் மனசுக்குப் பிடித்தது அடுத்து வந்த ரகம். அழுத்தினால் வேலை செய்யும் ரகம். மின்தடைத் திரை என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நாங்கள் ரெசிஸ்டிவ் என்போம். இதன் பிறப்பே தற்செயல். 1970-களின் தொடக்கத்தில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இருந்த சாம் ஹர்ஸ்ட் என்ற இயற்பியல்காரருக்கு, மலையாகக் குவிந்து கிடந்த வரைபடத் தாள்களிலிருந்து அளவுகளைப் படித்துக் கணினியில் ஏற்றவேண்டியிருந்தது. ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் பார்த்து எழுதினால் யுகமாகும். அதனால் மின்சாரம் ஓடும் பலகைமேல் தாளை வைத்து, புள்ளியைத் தொட்டாலே எண் வரும்படி ஒன்றைச் செய்தார். அதை ஒளி ஊடுருவும்படி ஆக்கித் திரைமேல் வைத்தால் என்ன என்பது பிறகு வந்த யோசனை. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் அவர் தொடங்கிய எலோகிராஃபிக்ஸ் கம்பெனிதான் இன்றைக்கும் உலகமெங்கும் கடைகளில் இருக்கும் எலோ திரைகளின் மூலவர்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான். அடியில் கண்ணாடி, மேலே வளைந்து கொடுக்கும் ஒரு பாலியஸ்டர் தாள். ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்களில் இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு. அது மின்சாரத்தையும் கடத்தும், வெளிச்சத்தையும் விடும், அதனால்தான் அதற்கு அத்தனை கிராக்கி. இரண்டு பூச்சும் சும்மா இருக்கையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் புள்ளிகளை நடுவில் தெளித்திருப்பார்கள். அழுத்தினால் மேல்தாள் குழிந்து கீழே தொடும். ஒரு தகட்டின் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் பூஜ்யம். வழியெல்லாம் வோல்டேஜ் சீராகக் குறைந்துகொண்டே போகும். தொட்ட இடத்தில் எவ்வளவு மிச்சம் என்பதை மற்ற தகடு படித்துச் சொல்லும். ஐந்து ரூபாயோடு பஸ் ஏறியவனின் சட்டைப்பையில் எவ்வளவு மீதி என்று பார்த்தே அவன் எந்த ஸ்டேஜில் இறங்கினான் என்று கண்டக்டர் சொல்லிவிடுவது மாதிரி. கிடைக்குக் கணக்குப் பார்த்ததும் உடனே நெடுக்குக்கும் பார்க்கும். இரண்டு எண் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் இரண்டு விரல் வைத்தால் மட்டும் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தைச் சொல்லும்.

ஹோட்டல் பில்லிங்குக்கு இந்த மிஷின் வந்தபோது கல்லாவில் இருந்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள். கீபோர்டு என்றால் சாம்பார் உள்ளே இறங்கும், எலி என்றால் கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு நகராது. இது எதையும் கேட்காது. ஈரக்கை, எண்ணெய்க்கை, பால்பாயின்ட் பேனாவின் மூடி, கார் சாவி, ஸ்பூன் காம்பு, மோதிரக் கல், எது பட்டாலும் பில் போடும். நீ யார், உன் கை எப்படி இருக்கிறது என்ற விசாரணையே கிடையாது. அழுத்தம் வந்ததா, அவ்வளவுதான்.

கோளாறும் உண்டு. வெயில் காலத்தில் கல்லாப் பக்கம் அடுப்படிச் சூடும் சேர்ந்துகொண்டால் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக நகரும். "சார், தோசை போட்டா ஊத்தப்பம் விழுது" என்று போன் வரும். போய், காலிபிரேஷன் திரையைத் திறந்து, மூலைகளில் வரும் கூட்டல் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டவேண்டும். நான் போக முடியாத நாளில் போனிலேயே சொல்லிக்கொடுப்பேன். கல்லாக்காரர் கட்டைவிரலை வைத்து அப்பிவிடுவார். அவ்வளவுதான், இட்லி கேட்டால் ரவா கேசரி. "பேனா மூடியால தொடுங்கண்ணே, கட்டைவிரல் வேண்டாம்" என்று கெஞ்சவேண்டும்.

இன்னொரு வியாதி காபி. நான்கு வயர் ரகத்தில் அடிக்கடி அழுத்தும் இடத்தில் மேல்தாளின் பூச்சு நுணுக்கமாக விரிசல் விட்டு, அந்த இடம் மட்டும் மரத்துப்போகும். நம் ஊர் ஹோட்டலில் எந்த இடம் முதலில் சாகும் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. காபி செத்துவிட்டது என்று போன் வந்தால், புதுத் தாள் வரும்வரை காபியை யாரும் சீந்தாத ஒரு பலகாரத்தின் கட்டத்துக்கு இடம் மாற்றிவிட்டு வருவேன். காபி இருந்த செத்த கட்டத்தில் கோதுமை உப்புமா உட்காரும். அது விற்காததற்கு ஹோட்டல்காரர்களுக்கு அதன்பிறகு ஒரு காரணம் கிடைத்தது. ஐந்து வயர் ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு. அதில் அளக்கும் வேலை முழுவதும் அடிக் கண்ணாடியின் பொறுப்பு, மேல்தாள் வெறும் தொடர்பு கொடுப்பதோடு சரி. மேலே தேய்ந்தாலும் கணக்கு கெடாது. அது விலை அதிகம், ஆகவே முதலாளிகள் நான்கு வயரும் நானும் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

பிறகு இதே திரை செல்போனுக்குள் வந்தது. சென்னை ரிச்சி தெருவில் சைனா போன்கள் குவிந்து கிடந்த வருஷங்கள் அவை. ஓரத்தில் ஒரு துளை, அதற்குள் தீக்குச்சிக்கு அண்ணன் அளவில் ஒரு ஸ்டைலஸ். முதல் வாரத்திலேயே அது தொலையும். அப்புறம் பல்குத்தும் குச்சி, ரீஃபில் முனை, கடைசியில் வளர்த்துவிட்ட சுண்டுவிரல் நகம். 2008-இல் வந்த நோக்கியா 5800-க்குக் கிட்டார் மீட்டும் வில்லை வடிவில் ஒன்று கூடவே கொடுத்தார்கள். கிட்டார் தெரியாத என் நண்பர் ஒருவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். மேல்தாளும் பூச்சும் நடுவிலிருக்கும் இடைவெளியுமாகச் சேர்ந்து திரை வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வெயிலில் நின்று யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிடுவார்.

நடுவில் ஒலியலை ரகம் ஒன்று வந்து போனது. கண்ணாடியின் மேல்பரப்பில், காதுக்கு எட்டாத அதிர்வை, வினாடிக்கு ஏறக்குறைய 50 லட்சம் முறை துடிக்கும் அலையை ஓடவிடுவார்கள். விரலின் மென்மையான சதை அந்த அலையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். எங்கே குறைந்தது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். இதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் ராபர்ட் ஆட்லர். 1956-இல் டி.வி.க்கு ஒலியால் இயங்கும் ரிமோட்டைச் செய்தவர். உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல் தொடாமல் இயக்க வழி செய்தவரே, எழுந்து வந்து தொடவும் வழி செய்தார். படம் பளிச்சென்று இருக்கும், தாள் கிடையாது, கீறல் பயம் கிடையாது. ஆனால் நகத்தை மதிக்காது, பேனாவை மதிக்காது, தண்ணீர்த் துளி விழுந்தால் விரல் என்று நம்பிவிடும். கோயில் ஊர் ஒன்றில் வைத்த மிஷினில் ஓரமெல்லாம் விபூதி படிந்து அலையை அடைத்தது. துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் ஊரைவிட்டே எடுத்துவந்தோம்.

2007 ஜனவரியில் ஐபோனை மேடையில் காட்டினார்கள். எல்ஜியின் பிராடா போன் ஐபோனுக்கு ஓரிரு மாதம் முன்னதாகவே கடைக்கு வந்துவிட்டது, ஆனால் அதைப் பார்த்து யாரும் கை தட்டவில்லை. ஐபோனை அழுத்தவேண்டாம், பட்டால் போதும், இரண்டு விரலை விரித்தால் படம் விரியும். பழைய காலம் முடிந்தது, புதிய காலம் பிறந்தது என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் பழையது எதுவோ அதுதான் பிறந்திருந்தது.

தொடுதிரை வகைகளிலேயே மூத்தது இந்த மின்தேக்கு ரகம்தான், கெபாசிடிவ். 1965-இலேயே இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த ராயல் ரேடார் நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பவர் இதைப் பற்றி எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கண்காணிப்பவர்கள் சட்டென்று தேர்ந்தெடுப்பதற்காக. 1970-களின் தொடக்கத்தில் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் புதிய துகள் முடுக்கி ஒன்றுக்குக் கட்டுப்பாட்டு அறை அமைக்கவேண்டியிருந்தது. வழக்கமான முறையில் போனால் சுவர் சுவராகப் பொத்தானும் திருகும் வைக்கவேண்டும். ஃபிராங்க் பெக், பென்ட் ஸ்டம்பே என்ற இருவர் அதற்குப் பதிலாகக் கண்ணாடியில் பொடிச் செம்புக் கோடுகளால் மின்தேக்கிகள் அமைத்துப் பதினாறு தொடுபொத்தான்கள் செய்தார்கள். வேலைக்குத் தகுந்தாற்போல் அவற்றின் பெயர் திரையில் மாறும். ஆக, சாம் ஹர்ஸ்டின் அழுத்துதிரைக்கு இது அண்ணன். தம்பி முந்திக்கொண்டு கடை, ஹோட்டல், செல்போன் எல்லாவற்றையும் ஆண்டுவிட்டான். சிப்புகள் மலிவாகும்வரை அண்ணன் ஆய்வகத்திலும் சில ஏ.டி.எம். கண்ணாடிகளிலும் காத்திருந்து, நரைக்குச் சாயம் பூசிக்கொண்டு புதுமாப்பிள்ளையாக வந்து இறங்கினான்.

அவன் வித்தை வேறு. கண்ணாடிக்கு அடியில் இண்டியம் டின் ஆக்சைடில் ஒரு வலை, கிடைக்கோடும் நெடுக்கோடும். இரண்டும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளி மின்னேற்றம் தங்கும். நம் உடம்பு உப்புத் தண்ணீர் நிரம்பிய பாத்திரம், மின்சாரம் கடத்தும். விரல் கிட்டே வந்தால் அந்தத் துளியில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். அந்தக் கொஞ்சம் ஒரு பைக்கோஃபாரடுக்கும் குறைவு. ஒரு பைக்கோஃபாரட் என்றால் ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை வலையின் ஒவ்வொரு சந்திலும், வினாடிக்கு 60 முறை, 120 முறை எனச் சிப்பு எண்ணிக்கொண்டே இருக்கிறது. பத்து விரலை வைத்தாலும் தனித்தனியாகச் சொல்லும். நம்மிடம் அது எதிர்பார்ப்பது பலத்தை அல்ல, சதையை. ஸ்பூன் காம்பையும் பேனா மூடியையும் சமமாக நடத்திய பழைய திரையின் பெருந்தன்மை இதற்குக் கிடையாது. நகத்தைக் கூட அது உறவாக ஏற்றுக்கொள்ளாது. 2010 குளிர்காலத்தில் கொரியாவில், கையுறையைக் கழற்ற மனமில்லாமல் ஜனங்கள் சாஸேஜ் துண்டால் ஐபோனைத் தடவியதாகச் செய்தி வந்தது. ஈரமுள்ள காரட்டை வெறுங்கையில் பிடித்துத் தடவினாலும் வேலை செய்யும். சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தோம். அம்மியும் உரலும் பழகிய கை, விரல்நுனி காய்த்துப்போய், எப்போதும் உலர்ந்து இருக்கும். காய்த்த, உலர்ந்த தோல் வழியாக அந்தத் துளி மின்னேற்றம் சரியாக இழுபடாது. முதல் தொடலைத் திரை கண்டுகொள்ளாது. அம்மா என்ன செய்வாள்? காலிங் பெல்லுக்குக் கொடுக்கும் அழுத்தத்தைக் கொடுப்பாள். விரல்நுனி தட்டையாகி, அகலமாகப் படும். இப்போது திரை கண்டுகொள்ளும். ஆனால் அம்மா விரலை எடுக்கமாட்டாள், பலமாக அழுத்தினால்தானே நன்றாக வேலை செய்யும். அதிக நேரம் வைத்திருந்தால் வேறு அர்த்தம் என்று போன் வைத்திருக்கிறது. கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்க நினைத்தவள் முன்னால் 'டெலிட் செய்யவா?' என்ற கேள்வி வந்து நிற்கும். அதையும் அழுத்துவாள்.

"மெதுவாத் தொடணும்மா. தொட்டு உடனே எடுத்துடணும்."

"என்னடா இது, தொட்டும் தொடாம? மிக்ஸியை அப்படியா போடறோம்? அழுத்தினது நமக்குத் தெரியணும்ல?"

இந்தக் கேள்விக்குக் கலிஃபோர்னியாவிலேயே பதில் தேடினார்கள். அழுத்தும்போது அடியில் குட்டி மோட்டாரை நடுங்கவைத்துப் பொத்தான் அமுங்கியதாக ஒரு பொய்யை விரலுக்குச் சொல்கிறார்கள். பொத்தானை எடுத்துவிட்டு, பொத்தான் இருப்பதாகப் பாவனை செய்யத் தனியாக ஒரு மோட்டார்.

மாடி வீட்டுக்காரர் ஒரு நாள் பதறிக்கொண்டு வந்தார். ராத்திரி சார்ஜில் போட்டால் போன் தானாகவே ஆப்களைத் திறக்கிறது, மைத்துனருக்குக் கண்ட எழுத்தில் மெசேஜ் போகிறது, யாரோ ஹேக் பண்ணிவிட்டான் என்றார். பேயும் இல்லை, ஹேக்கரும் இல்லை, இந்தத் தடவை பல்லியும் இல்லை. நடைபாதையில் வாங்கிய இரண்டு பின் சார்ஜர். எர்த் கிடையாது, மின்சாரத்தை வடிகட்டும் லட்சணமும் சரியில்லை. அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் போன் முழுவதையும் மேலும் கீழுமாக ஆட்டுகிறது. பைக்கோஃபாரடை எண்ணிக்கொண்டிருக்கும் சிப்புக்கு எது விரல், எது இரைச்சல் என்று பிரிக்க முடியவில்லை. சார்ஜரைப் பிடுங்கியதும் போன் சாதுவாகிவிட்டது. மைத்துனர்தான் இன்னும் சமாதானமாகவில்லை.

அன்று திரை உடைந்தால் செலவு சின்னது. ரிச்சி தெருவில் டச் தனி, டிஸ்ப்ளே தனி. டச் போச்சு என்றால் மேலே இருக்கும் அந்த ஒரு தாளை மட்டும் உரித்து, புதிதாக ஒட்டி, பத்து நிமிஷத்தில் டீ குடித்து முடிப்பதற்குள் கொடுத்துவிடுவார்கள். இன்று டச்சையும் டிஸ்ப்ளேயையும் கண்ணாடியையும் நடுவில் காற்றே இல்லாமல் பசை போட்டு ஒட்டி, போதாததற்குத் தொடும் வலையைத் திரைக்குள்ளேயே நெய்துவிடுகிறார்கள். 2010-இல் சாம்சங் காலக்ஸி எஸ், 2012-இல் ஐபோன் 5 என்று இது தொடங்கியது. போன் மெலிந்தது, படம் கண்ணாடிமேலேயே மிதக்கிறது, எல்லாம் அழகு. மயிரிழை விரிசல் விழுந்த போனைக் கவுண்டரில் வைத்தேன். பையன் ஒரு பார்வை பார்த்தான்.

"கோம்போவாத்தான் மாத்தணும் சார்."

"டிஸ்ப்ளே நல்லாத்தானே இருக்கு தம்பி?"

"இருக்கு சார். ஆனா அதுவும் சேர்ந்துதான் வரும்."

அவன் சொன்ன விலையில் அந்தக் காலத்தில் கோதுமை உப்புமாவிலிருந்து காபிவரை ஹோட்டலின் எல்லாக் கட்டங்களுக்கும் புதுத் தாள் போட்டிருக்கலாம்.

போகட்டும், ஸ்டைலஸ் ஒழிந்தது அல்லவா என்று கேட்டால், 2011-இல் காலக்ஸி நோட்டோடு அது திரும்பி வந்தது. 2015-இல் ஆப்பிள் கம்பெனியே பென்சில் என்று பெயர் வைத்துத் தனி விலைக்கு விற்றது. முன்பு போனோடு இலவசமாக வந்து தொலைந்துகொண்டிருந்த குச்சி, இப்போது சார்ஜ் போட்டுப் பத்திரப்படுத்தவேண்டிய நகையாகிவிட்டது.

எங்கள் புது அபார்ட்மென்டின் லிஃப்டில் பொத்தான் கிடையாது, கறுப்புக் கண்ணாடியில் ஒளிரும் எண்கள். கொரோனா சமயத்தில் பழைய கட்டடங்களில் எல்லாரும் சாவியாலும் முழங்கையாலும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கள் லிஃப்டு சாவியை ஏற்கவில்லை, சட்டைக்கை மூடிய முழங்கையையும் ஏற்கவில்லை. சதைதான் வேண்டும் என்றது. நான்காவது மாடியில் கண் தெரியாத ஒருவர் இருக்கிறார். பழைய செல்போனில் 5-ஆம் பொத்தானில் ஒரு மேடு இருக்கும், அதைத் தடவி மற்ற எண்களுக்கு வழி கண்டுபிடித்தவர். லிஃப்டில் தன் மாடி எது என்று தேட அவர் கண்ணாடியைத் தடவினால், தடவிய மாடி எல்லாவற்றிலும் லிஃப்டு நின்று நின்று போகும். தேடுவதும் தேர்ந்தெடுப்பதும் அதற்கு ஒன்றே. அசோசியேஷன் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மாடர்ன் லுக் போய்விடும் என்றார்கள். கடைசியில் செக்யூரிட்டி அவரோடு லிஃப்டில் ஏறி அழுத்திவிட்டு இறங்குவது என்று தீர்மானமானது.

கிண்டல் செய்ய முடியாத இடமும் உண்டு. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் இரண்டு புரொப்பெல்லர்களின் விசைகளையும் தொடுதிரையில் கையாளும் கப்பல் அது. கட்டுப்பாடு எந்த மேஜையில் இருக்கிறது, இரண்டு விசைகளும் இணைந்து நகர்கின்றனவா என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்கும் பிடிபடவில்லை. கையில் பிடிக்கும் நெம்புகோல் இருந்திருந்தால் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்பதைக் கை சொல்லியிருக்கும். 2019-இல் விசைக்கு மட்டுமாவது நெம்புகோலுக்கே திரும்புவது என்று கடற்படை முடிவு செய்தது. கார்களைப் பாதுகாப்புக்குச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பும் 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்கு நிஜமான பொத்தானோ கைப்பிடியோ இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. மழையில் வைப்பரைப் போட மெனுவுக்குள் மெனுவாகத் தேடியவர்களின் சாபம் பலித்திருக்கிறது.

நம் வாக்குப்பதிவு இயந்திரத்தை இந்த விஷயத்தில் எனக்குப் பிடிக்கும். அரசியலை விடுங்கள், கைக்கு அது செய்யும் மரியாதையைச் சொல்கிறேன். நீலப் பொத்தான், அமுக்கினால் அமுங்கும். சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு பீப், கண்ணாடிக்குப் பின்னால் ஏழு வினாடி சீட்டு தெரியும். அம்மா வாக்குச்சாவடியிலிருந்து திரும்பி வந்து, "அதுல ஒரு குழப்பமும் இல்லடா, நல்லா அழுத்தினேன்" என்றாள்.

எங்கள் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பும் தொடு ரகம். பால் பொங்கி வழிந்து கண்ணாடிமேல் ஓடியதும், அதையும் விரல் என்று எண்ணிக்கொண்டு கத்தி, தானே அணைந்துபோகும். ஈரக்கையால் மறுபடி போட முடியாது. துணி தேடி, கண்ணாடியைத் துடைத்து, கையைத் துடைத்து, தொட்டுப் பார்ப்பதற்குள் பால் ஆறிவிடும். போன மாதம் என் மனைவி கடைக்குப் போய் வேறு அடுப்பு கேட்டாள். பையன் வரிசையாக எட்டுப் பத்து கண்ணாடி முகங்களைக் காட்டினான். கடைசித் தட்டில் அட்டை கிழிந்து கிடந்த ஒன்றை அவளே எடுத்தாள். பொத்தான் வைத்தது, நடுவில் ஒரு திருகு.

"அது பழைய மாடல் மேடம், ஸ்டாக் கிளியரன்ஸ்ல போட்டிருக்கோம்."

"எவ்வளவு குறைப்பீங்க?" என்றாள் அவள்.

குறைத்த பணத்தில் என் போனுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொண்டு வந்தோம். ஒட்டியதிலிருந்து ஓரத்தில் மட்டும் டச் சரியாக வேலை செய்யவில்லை.